பிள்ளை வெளியூர் சென்ற பிறகு பெற்றோரின் மாற்றுத்திறனாளி உதவிகள் என்னவாகும்?

படிப்பு முடித்து வேலைக்கோ, திருமணமாகித் தனிக்குடித்தனத்துக்கோ பிள்ளைகள் புறப்படும் நாள் எல்லாக் குடும்பங்களிலும் வருகிறது. தாயோ தந்தையோ மாற்றுத்திறனாளியாக உள்ள வீட்டில் அந்த நாள் மகிழ்ச்சியோடு ஒரு கவலையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. "மகனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டது; இனி அப்பாவின் உதவித்தொகை நின்றுவிடுமா?" "மகளின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து நீக்க வேண்டுமா?" "அம்மாவின் பெயரில் நான் பெற்றுவந்த வரிக் கழிவு தொடருமா?" இத்தகைய கேள்விகளை எங்கள் கிளைகளில் அடிக்கடி கேட்கிறோம்.

இவற்றுக்கு ஒரே விடை கிடையாது. ஆனால், உதவிகளை அவற்றின் அடிப்படையைக் கொண்டு மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். சில உதவிகள் மாற்றுத்திறனாளியான நபருக்கு உரியவை. சில அவர் வாழும் குடும்பத்தை அளவுகோலாகக் கொண்டவை. சில பிள்ளையின் வழியாகப் பெற்றோரை வந்தடைபவை. பிள்ளை வெளியூர் செல்வதால் முதல் வகைக்குப் பாதிப்பே இல்லை. இரண்டாம் வகை கூடவும் குறையவும் இடமுண்டு. மூன்றாம் வகையில், ஒரே வீட்டில் வசிப்பதைவிடப் பெற்றோர் பிள்ளையைச் சார்ந்திருப்பதே முக்கியம்.

இவற்றுக்கு அப்பால் நான்காவதாக ஒன்று உண்டு. உதவித்தொகை தடைப்படுவதற்குச் சட்டம் மட்டுமே காரணமாவதில்லை. வங்கிக்குப் போய்வந்தவரும், கைபேசியில் வந்த ஓடிபியைப் பார்த்துச் சொன்னவரும், நவம்பரில் வாழ்நாள் சான்றிதழை நினைவூட்டியவரும் ஊரில் இல்லாமல் போவதாலும் அது தடைப்படும். சட்டத்தால் இழக்காத உரிமையை நடைமுறையால் இழக்க நேரிடுவதைத் தவிர்க்கவே இக்கட்டுரை.

நபருக்கு உரிய உதவிகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகை மாற்றுத்திறன் நிலைகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உடையவரென மருத்துவ அதிகாரி சான்றளித்தால் சட்டத்தின் பல நலன்களுக்கு அவர் தகுதி பெறுகிறார். அந்தச் சான்றிதழும், நாடு முழுவதும் செல்லும் யூடிஐடி அட்டையும் அவருடைய உடல்நிலையையோ மனநிலையையோ மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை. வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளியேறினார்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை.

பணிக் காலத்தில் ஏற்பட்ட பாதிப்புக்காக வழங்கப்படும் தொகைகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. வேலையின்போது விபத்துக்குள்ளாகி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு, அவர் இழந்த சம்பாதிக்கும் திறனின் அளவுக்கேற்பத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் மாதந்தோறும் தொகை வழங்குகிறது. பணியில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக இயலாமல் போன உறுப்பினருக்கு 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் வாழ்நாள் ஓய்வூதியம் அளிக்கிறது. முன்னாள் படைவீரர்கள் பெறும் இயலாமை ஓய்வூதியமும் இத்தகையதே. பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கியதால் இவற்றுள் எதுவும் குறையாது.

வருமான வரியிலும் இதற்கு இணையான ஓர் ஏற்பாடு உண்டு. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80-யு பிரிவின்படி, மாற்றுத்திறனாளியே வரி செலுத்துபவராக இருந்தால் ஆண்டுக்கு 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இது அவருடைய சொந்த உரிமை.

குடும்பத்தை அளவுகோலாகக் கொண்ட உதவிகள்

கவனம் தேவைப்படுவது இந்த இரண்டாம் வகைக்குத்தான். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தைச் சேர்ந்த, 80 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புடைய வயது வந்தோருக்கு இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் மத்திய அரசு மாதம் 300 ரூபாய் தருகிறது. 80 வயதை எட்டியவருக்கு இது 500 ரூபாயாக உயர்கிறது. மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்த்தும், தனித் திட்டங்கள் வகுத்தும் வழங்குகின்றன. அவற்றின் தொகையும் தகுதி விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பல மாநிலங்களில் குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு.

'குடும்பம்' என்ற சொல்லே இங்கு நுணுக்கமானது. ஜாம்ஷெட்பூரில் வசிக்கும் ஒரு தாய்க்கு மாநில உதவித்தொகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகள் ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்கிறார். மகளின் பெயர் அதே குடும்ப அட்டையில் இருக்கும்வரை, வருமானச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது அவருடைய சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேர்க்கப்படக்கூடும். வரம்பைத் தாண்டினால் தாயின் தகுதி கேள்விக்குள்ளாகும். மாறாக, மகள் திருமணமாகித் தனிக்குடித்தனம் அமைத்து, வேறு குடும்ப அட்டைக்கு மாறிவிட்டால், பெற்றோரின் வருமானம் மட்டும் கணக்கில் வர வாய்ப்புண்டு. ஆகவே, பிள்ளை வெளியேறுவது உதவியைக் குறைக்கவும் கூடும், புதிதாகத் தகுதி பெற்றுத் தரவும் கூடும். எது பொருந்தும் என்பதை அந்தந்த மாநிலத்தின் சமூக நலத்துறை விதிகளே முடிவு செய்யும். வருவாய்த் துறை அலுவலர் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி தெரிவிப்பதே பாதுகாப்பானது. வருமானத்தை மறைத்துப் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்த நேரிடலாம்.

குடும்ப அட்டையில் அவசரம் வேண்டாம்

வேலைக்காக வெளியூர் செல்பவர் உடனே தம் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 20 கிலோ கிடைக்கும்; ஒருவரின் பெயர் நீங்கினால் அது 15 கிலோவாகும். அந்தியோதயா அட்டைக்கோ ஆட்களின் எண்ணிக்கையைக் கணக்கிடாமல் குடும்பத்துக்கு 35 கிலோ வழங்கப்படுகிறது. அங்கே ஒருவர் பெயர் நீங்குவதால் அளவு குறையாது.

'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' ஏற்பாடு 2022-இல் எல்லா மாநிலங்களையும் ஒன்றியப் பிரதேசங்களையும் எட்டியது. அதன்படி, மேற்கூறிய மகள் அதே அட்டையைக் கொண்டு தம் பங்கை ஹைதராபாத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். எஞ்சிய பங்கை வீட்டிலுள்ளோர் ஜாம்ஷெட்பூரில் பெறலாம். எனவே தற்காலிகமாகச் செல்பவர் பெயரை நீக்க வேண்டியதில்லை. நிரந்தரமாகத் தனிக்குடும்பம் அமைப்பவர் மட்டும் பழைய அட்டையிலிருந்து முறைப்படி நீங்கிப் புதிய அட்டையில் சேர வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு அட்டைகளில் இருப்பது கூடாது.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. உறுதியான வாழ்வாதாரமோ ஆதரவோ இல்லாத மாற்றுத்திறனாளியைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள் அந்தியோதயா திட்டத்துக்கான தகுதிப் பிரிவுகளுள் ஒன்று. ஈட்டித் தந்த ஒரே பிள்ளை பிரிந்து சென்று, ஆதரவும் நின்றுவிட்ட நிலையில், முன்பு முன்னுரிமை அட்டை வைத்திருந்த பெற்றோர் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் குடும்பமே அலகு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சையை முழுக் குடும்பமும் பகிர்ந்துகொள்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்து, உடல் வலிமையுள்ள வயது வந்தோர் எவரும் இல்லாத ஊரகக் குடும்பம் என்பது 2011 கணக்கெடுப்பின் வழியாக இதில் சேர்க்கப்பட்ட பிரிவுகளுள் ஒன்று. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் நாட்டின் எப்பகுதியிலும் பயன்படுத்தலாம். வேலைக்காக ஒருவர் ஊர் மாறுவது அட்டையைச் செல்லாததாக்காது. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி இத்திட்டத்தின் பயன் 2024 அக்டோபர் முதல் கிடைக்கிறது.

பிள்ளையின் வழியாக வரும் பயன்கள்

பெற்றோரின் மருத்துவம், பராமரிப்பு, மறுவாழ்வு ஆகியவற்றுக்குச் செலவிடும் பிள்ளைக்கு 80-டிடி பிரிவின்கீழ் வரிக் கழிவு உண்டு. செலவான தொகை எவ்வளவாயினும் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதத்தை எட்டினால் 1,25,000 ரூபாயும் கழிக்கப்படும். 30 சதவீத வரி அடுக்கில் உள்ளவருக்கு 1,25,000 ரூபாய்க் கழிவு, 4 சதவீத மேல்வரியையும் சேர்த்து, 39,000 ரூபாயை மிச்சமாக்குகிறது.

இதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளில், பெற்றோரும் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் வசிக்க வேண்டும் என்பது இல்லை. பெற்றோர் முழுமையாகவோ பெரும்பாலுமோ பிள்ளையைச் சார்ந்திருக்க வேண்டும். அவர்கள் தம் பெயரில் 80-யு கழிவைக் கோரியிருக்கக் கூடாது. எனவே, ஊர் மாறிய பிறகும் மாதந்தோறும் வங்கி வழியாகப் பணம் அனுப்பிப் பராமரித்துவரும் பிள்ளைக்கு இக்கழிவு தொடரும். அந்தப் பணப் பரிமாற்றங்களே சார்ந்திருத்தலுக்கு நல்ல சான்றாகவும் அமையும். பெற்றோருக்குப் பிள்ளைகள் தரும் பணத்துக்குப் பெற்றோர் வருமான வரி செலுத்த வேண்டியதுமில்லை.

பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிள்ளை செலுத்தும் சந்தாவுக்கு 80-டி பிரிவு 25,000 ரூபாய் வரை, பெற்றோர் மூத்த குடிமக்களாயின் 50,000 ரூபாய் வரை, கழிவு தருகிறது. இங்கே பெற்றோர் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. 80-யு, 80-டிடி, 80-டி ஆகிய மூன்றும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்கே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வருமான வரிச் சட்டம், 2025-இல் பிரிவு எண்கள் மாறுகின்றன என்பதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை சேரும் நிறுவனம் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின்கீழ் வருமாயின், சார்ந்துள்ள பெற்றோரையும் குடும்பத்தினராகப் பதிவு செய்யலாம். குடும்பம் வேறு ஊரில் வசித்தால் அங்குள்ள மருந்தகத்தில் சிகிச்சை பெறத் தனி அடையாள அட்டை வழங்கும் வழக்கம் உண்டு. வேலையில் சேரும் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுப் பெறுவது நல்லது. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க வாய்ப்பு இருந்தால், முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

வெளியூர் சென்றதால் பிள்ளையின் கடமை முடிவதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன்படி தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், 60 வயதை எட்டியிராவிட்டாலும், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தை அணுகலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க ஆணையிடும் அதிகாரத்தைச் சட்டம் அளித்துள்ளது.

வங்கிக் கணக்கில் கவனிக்க வேண்டியவை

இனி, எங்கள் பணியோடு நேரடித் தொடர்புடைய பகுதிக்கு வருகிறோம்.

முதலாவது கைபேசி எண். பெற்றோரின் கணக்கிலும் ஆதாரிலும் பிள்ளையின் எண்ணே பதிவாகியிருப்பது பல வீடுகளில் வழக்கம். பிள்ளை ஊரில் இல்லாதபோது ஓடிபி அங்கே செல்லும். பணம் எடுக்க வேண்டியவர் இங்கே காத்திருப்பார். பெற்றோரிடம் இருக்கும் கைபேசியின் எண்ணைக் கிளையிலும் ஆதார் மையத்திலும் பதிவு செய்துவிட்டுப் புறப்படுவதே முறை. ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்பது தீர்வாகாது.

இரண்டாவது ஆதார் இணைப்பு. ஆதார் எண்ணை அடிப்படையாகக் கொண்டு வரும் அரசுத் தொகை, அந்த எண் கடைசியாக எந்த வங்கிக் கணக்குடன் இணைக்கப்பட்டதோ அதில்தான் சேரும். பிள்ளை தம் வசதிக்காகப் பெற்றோருக்கு வேறொரு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்தால், உதவித்தொகை அங்கே போய்விடும். பழைய கணக்கைப் பார்த்து, 'பணம் நின்றுவிட்டது' என்று பெற்றோர் கலங்குவார்கள். புதுக் கணக்கு தொடங்கும்போது எந்தக் கணக்கில் அரசுத் தொகை வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது வாழ்நாள் சான்றிதழ். மத்திய அரசு ஓய்வூதியம் பெறுவோர் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் இதை அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தோர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். 'ஜீவன் பிரமாண்' வசதியில் கைரேகை தேய்ந்தவர்கள் முக அடையாளத்தின் மூலம் கைபேசியிலேயே சான்றளிக்க முடியும். சமூக நல உதவித்தொகைகளுக்கும் ஆண்டுச் சரிபார்ப்பு உண்டு. சரிபார்க்க வருபவர் வீட்டில் யாரையும் காணாமல் திரும்பினால் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

நான்காவது, கிளைக்கு வர இயலாதவரின் பணம். 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் வழங்குதல், பணம் பெறுதல், வரைவோலை தருதல், வாழ்நாள் சான்றிதழ் பெறுதல் போன்ற சேவைகளை வீட்டிலேயே அளிக்க வேண்டுமென 2017-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கையெழுத்திட இயலாதவர் கட்டைவிரல் ரேகையையோ கால்விரல் ரேகையையோ பதிக்கலாம். அதுவும் இயலாதபோது ஒரு குறியிட்டாலே போதும். வங்கி அறிந்த இரு சாட்சிகள் அதை உறுதி செய்ய வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இந்த வசதி தேவைப்படுமென்று முன்கூட்டியே கிளைக்குத் தெரிவித்தால் ஏற்பாடு எளிதாகும்.

ஐந்தாவது, கணக்கைப் பிள்ளை இயக்குவது. சாதாரண சேமிப்புக் கணக்கைப் பிள்ளையுடன் கூட்டுக் கணக்காக மாற்றலாம். மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கையோ வாழ்க்கைத் துணையுடன் மட்டுமே கூட்டாக வைத்திருக்க முடியும். அத்தகையோர், ஓய்வூதியத்தின் ஒரு பகுதி மாதந்தோறும் தாமாகவே வேறொரு கூட்டுக் கணக்குக்குச் செல்லுமாறு நிலையான அறிவுறுத்தல் தரலாம். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுப்போர் ஒன்றை அறிய வேண்டும்: எழுதிக்கொடுத்தவர் பின்னர் மனத்திறனை இழந்தால் அந்தப் பத்திரம் செல்லாது. அந்நிலையில் சட்டப்படி நியமிக்கப்பட்ட காப்பாளரே கணக்கை இயக்க முடியும்.

இவை அனைத்திலும் முடிவெடுக்க வேண்டியவர் பெற்றோரே. தம் பண விவகாரங்களைத் தாமே கையாளும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கும் சமமாக உண்டென்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. பிள்ளை செய்வது உதவி; அது பெற்றோரின் கையெழுத்துக்கும் விருப்பத்துக்கும் மாற்றாகிவிடக் கூடாது.

பெற்றோரை உடன் அழைத்துச் செல்வதானால்

சில பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் பெற்றோரையும் தம்முடன் அழைத்துக்கொள்கிறார்கள். மாநில உதவித்தொகை பொதுவாக அந்த மாநிலத்தில் வசிப்போருக்கே உரியது. ஆதார் முகவரியை வேறு மாநிலத்துக்கு மாற்றும் முன், பழைய மாநிலத்தில் நிற்கப்போகும் தொகையையும், புதிய மாநிலத்தில் எத்தனை ஆண்டு வசித்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்பதையும் கேட்டறிந்து முடிவெடுங்கள். யூடிஐடி அட்டை நாடெங்கும் செல்லும். வங்கிக் கணக்கை அதே எண்ணுடன் புதிய ஊரின் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

புறப்படும் முன் ஒரு மாலை

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அமர்ந்து கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

1. பெற்றோர் பெறும் ஒவ்வோர் உதவியும் நபருக்கு உரியதா, குடும்பத்தைச் சார்ந்ததா, பிள்ளையின் வழியாக வருவதா.

2. ஒவ்வொரு தொகையும் வந்துசேரும் கணக்கு, வரும் நாள், அடுத்த சரிபார்ப்பு மாதம்.

3. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தற்காலிகமானதாயின் அது காலாவதியாகும் தேதி.

4. கணக்கிலும் ஆதாரிலும் பதிவாகியுள்ள கைபேசி எண்.

5. அவசரத்தில் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் துணைவரக்கூடிய உள்ளூர் உறவினர் ஒருவரின் பெயர்.

6. கிளையின் தொலைபேசி எண், வீட்டுச் சேவைக்குப் பதிவு செய்த விவரம்.

அத்தாளின் ஒரு படி பெற்றோரிடமும் மற்றொன்று பிள்ளையிடமும் இருக்கட்டும். ஐயம் இருப்பின், புறப்படும் முன் பெற்றோருடன் ஒருமுறை கிளைக்கு வாருங்கள்; அவர்களால் வர இயலாவிடில் தெரிவியுங்கள், நாங்கள் வருகிறோம்.